வெந்நீர் அடுப்புக் காட்சி

3 செப்டம்பர் 2022, சனி

தேவசகாயம் அண்ணன் போய்விட்டார். காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தேன். மனைவி திலகவதிதான் செய்தியைப் படித்துச் சொன்னாள்.

"பழம்பெரும் வில்லன் நடிகர் நாகர்கோவிலில் காலமானார்னு போட்டிருக்குங்க. எண்பத்தி மூணு வயசாம்."

மருந்து போட்டால் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இன்றைக்கு அது வசதியாகப் போயிற்று.

'திரையில் தோன்றினாலே குழந்தைகள் அலறும்' என்று எழுதியிருக்கிறார்கள். நிஜத்தில் அவர் ஒருவரை அறைய வேண்டிய காட்சி என்றால் முதல் நாளே போய் மன்னிப்புக் கேட்பார். அறைந்த மறுநாள் போய் வலிக்கிறதா என்று விசாரிப்பார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பிஸ்கட் டின் நிறைய நேந்திரங்காய் வறுவல். லைட் போடுகிறவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு வரும். ஒருமுறை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "எனக்கு வாழ்நாளில கெடச்ச பெரிய பரிசு அது மக்கா," என்பார். சொல்லிவிட்டு வறுவல் டின்னை மூடி வைப்பார்.

எனக்கு இருக்கும் பெயர் முழுக்க அவரால் வந்தது. முப்பது படங்களுக்குமேல் கதை வசனம் எழுதியிருக்கிறேன். ஜனங்கள் நினைவு வைத்திருப்பது 1986இல் வந்த 'பன்னிரண்டாம் குறுக்குத் தெரு' ஒன்றைத்தான். அதிலும் அவர் செய்த தகப்பன் வேடம் ஒன்றைத்தான்.

சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து ஜெசிந்தா என்ற கல்லூரிப் பேராசிரியை பேசினார். அங்கே ஒரு திரைப்படக் கழகம் நடத்துகிறார்கள். பதினேழாம் தேதி அண்ணன் நினைவாக அந்தப் படத்தைத் திரையிடுகிறார்களாம். "சார், உங்க சொந்த ஊரு. படம் முடிஞ்சதும் நீங்க பேசணும். தலைப்பு, 'திரையில் தீமை'. வில்லன்களைப் படைப்பது எப்படின்னு சொல்லுங்க."

வருகிறேன் என்றேன்.

"அக்கா வீட்லதானே தங்குவீங்க?" என்றாள் திலகவதி.

"லாட்ஜ் போட்டுக் கொடுப்பாங்க."




4 செப்டம்பர், ஞாயிறு

உரைக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். எடுத்தது குறிப்பு அல்ல, பழைய ஞாபகம்.

அப்போதெல்லாம் வில்லன் என்றால் ஸ்டூடியோவில் ஒரு பெரிய தளம் தேவை. சுவர் முழுக்க மினுக்கும் பல்புகள், நடுவில் சுழல் நாற்காலி, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. கோடு போட்ட பனியன் அணிந்த அடியாட்கள் எட்டுப் பேர். வில்லன் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள். ஒரே பல்புப் பலகையை நாலு படங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நாலு வில்லன்களும் அதன் முன்னால் நின்று உலகத்தை அழிக்கப் போவதாகச் சொன்னார்கள். கேலி செய்யவில்லை. எனக்கு அந்த வில்லன்களை ரொம்பப் பிடிக்கும். பல்பு எரிய ஆரம்பித்தால் இடைவேளைக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவேன்.

குருநாதன்தான் இயக்குநர். அவனுக்கு முதல் படம், எனக்கும் முதல் படம். வடபழனியில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே இஸ்திரிப் பெட்டி. அவன் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"லிங்கம், நம்ம ஆளு வரும்போது மியூசிக் மாறக் கூடாது. வீட்டுல இருக்கிறவங்க மூஞ்சி மாறணும். அது போதும்."

இன்னொரு நாள் சொன்னான். "அராஜகம்னா சாமானைப் போட்டு உடைக்கிறதைக் காட்டுறாங்க. இவன் வீட்டுல ஒரு டம்ளர்கூட இடம் மாறாது. எல்லாம் தலைகீழாக் கிடக்கிறது அந்த வீட்டு மனுஷங்க வயித்துக்குள்ள."

கேமராவைத் தரையில் வைத்து வில்லனை மலை மாதிரி காட்டுவது வழக்கம். குருநாதன் அதையும் செய்யவில்லை. தகப்பனுக்குச் சோறு போடுகிறவளின் கண் மட்டத்தில் கேமராவை வைத்தான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு சாதாரண மனிதர், கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். தியேட்டரில் ஒரு சத்தம் இருக்காது.

விநியோகஸ்தர் தவித்துப்போனார். "தண்ணி அடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, கோயிலுக்குப் போறான், ஒரு தழும்புகூட இல்ல. இவன் கெட்டவன்னு தரை டிக்கெட்டுக்கு எப்படி சார் தெரியும்?"

தெரிந்தது. முதல் நாளே தெரிந்தது.

குருநாதன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது அண்ணனும் போய்விட்டார். அந்தப் படத்தைப் பற்றிப் பேச மிஞ்சியிருப்பவன் நான்தான்.


6 செப்டம்பர், செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. உரை நாலு பக்கம் எழுதினேன், மூன்றை அடித்தேன்.


8 செப்டம்பர், வியாழன்

அந்தக் காட்சியைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். தயாராக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

படத்தில் தகப்பன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்து வந்த கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அவர் சத்தம் போடுவதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறார். சட்டையைக் கழற்றி மடிக்கிறார். பிறகு ரொம்பக் கனிவாக, "குளிக்கணும்மா, வெந்நீர் போடு," என்கிறார். விறகு ஈரம், பற்ற மாட்டேன் என்கிறது. அவர் அடுப்பங்கரைக்கு வந்து உறையோடு கடிதத்தை நீட்டுகிறார். "இதை வச்சுப் பத்த வை. நல்லாப் பத்தும்." அவள் செய்யும்வரை பக்கத்தில் நின்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். அப்போது தம்பி ஓடி வந்து அடுப்புக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுக்கிறான். தியேட்டர்களில் விசில் பறந்தது அந்த இடத்துக்குத்தான்.

படமாக்குவதற்கு முன்னால் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மக்கா, இந்த நேரத்தில இவன் கோவமா இருக்கானா?"

"இல்லண்ணே. சந்தோஷமா இருக்கார்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"துண்டு எந்தத் தோளில?"

"இடது."

"எண்ணெயை எப்படித் தேய்ப்பான்?"

உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்து, முதலில் உச்சியில் ஒரு தட்டு. காட்டினேன். அவர் அதே மாதிரி செய்தார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றும் சரி, பிறகு முப்பத்தாறு வருஷமும் சரி.

ஒரே டேக். மகளாக நடித்த பெண்ணின் அழுகை நிற்கவில்லை. அண்ணன் அவளுக்கு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். "கத்துத வில்லன்னா மேக்கப்போட கலைஞ்சு போவான். இவன் போவதுக்கு ரெண்டு நாளாவும்," என்றார்.

இந்தக் காட்சி எப்படித் தோன்றியது என்று கேட்காதவர் இல்லை. கற்பனை என்று சொல்லி வருகிறேன். எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

தம்பி அடுப்பில் கையை விடும் கட்டம் விநியோகஸ்தர் வற்புறுத்திச் சேர்த்தது.


11 செப்டம்பர், ஞாயிறு

அக்கா போன் செய்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், சண்முகவடிவு. அத்தான் போன பிறகு பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். கல்யாணம், காது குத்து என்றால்தான் நாங்கள் பார்த்துக்கொள்வது. போனில் பேசினாலும் மழை பெய்ததா என்பதோடு முடிந்துவிடும்.

"ஏ லிங்கம், நோட்டீஸ்ல உன் பேரு பார்த்தேன். குற்றாலிங்கம்னு முழுப் பேரும் போட்டிருக்கான். எங்க தங்கப் போற?"

"அவங்களே ரூம் போட்டிருக்காங்கக்கா."

"எதுக்கு? மாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு. நேரே வீட்டுக்கு வா. ஒரு நாள் முந்தியே வா, சொதி வைக்கேன்."

"சரிக்கா."

"நானும் வாரேன், படத்துக்கு."

அந்தப் படத்தைப் பற்றி ஊரே பேசியது. அக்கா ஒரு சொல் சொன்னதில்லை. அவள் பார்க்கவே இல்லை என்று நான் வெகு காலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டேன்.


13 செப்டம்பர், செவ்வாய்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. பிறகு வெகுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதித்தான் வைப்போமே. இது என் நோட்டு, யார் படிக்கப் போகிறார்கள்.

அப்பா ஒரு வக்கீல் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் கும்பிடுவார்கள். ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பார், அதற்கு ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டார். தங்கமான மனுஷன் என்று இன்றும் சொல்வார்கள். எங்கள் யாரையும் அவர் அடித்ததே இல்லை. அவர் செருப்பு வாசலில் கழலும் சத்தம் கேட்டால் அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்துவாள். அந்தப் பாதி வாக்கியங்கள் எதையும் அவள் பிறகு முடித்ததில்லை.

1967 ஜூலை. அக்கா பி.யு.சி. முடித்திருந்தாள். மதுரையில் ஒரு நர்சிங் பள்ளிக்கு அப்பாவுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருந்தாள். இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அது எப்படியோ அப்பா கைக்குப் போய்விட்டது.

மற்றதெல்லாம் படத்தில் இருப்பதுதான். கடிகாரம், சட்டை, ஈர விறகு. "நல்லாப் பத்தும்." அம்மா கிணற்றடியில் நின்றாள். அப்பா அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தார், வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே. அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா என்னைக் கூப்பிட்டு மேட்னி பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவராக என்னைச் சினிமாவுக்கு அனுப்பியது அந்த ஒரு முறைதான். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வில்லனுக்கு ஒரு கண்ணில் பட்டை. கையில் சாட்டை. குகைக்குள் நின்று கூரை அதிரச் சிரித்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சுக்குள் அப்படி ஒரு நிம்மதி. கெட்டவன் என்றால் இப்படி இருப்பான். எங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லை.

வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.


14 செப்டம்பர், புதன்

திலகவதி பெட்டி கட்டிக் கொடுத்தாள். சொட்டு மருந்து, பிரஷர் மாத்திரை, இரண்டு வெள்ளைச் சட்டை. வெள்ளை வேண்டாம், நீலம் வை என்றேன்.


16 செப்டம்பர், வெள்ளி

நேற்று மாலை ரயில் ஏறி இன்று காலை திருநெல்வேலி. ஆட்டோவில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். தாமிரபரணியில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் அந்தப் பச்சை வாசனை இருந்தது. சைக்கிள் பழகிய தெரு, பல்லி மிட்டாய் விற்ற முக்குக் கடை இருந்த இடம், நான் முதல் படம் பார்த்த கொட்டகை. கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாசலிலேயே நின்றாள். நன்றாக இளைத்துவிட்டாள். முழங்கால் வலி.

"என்னடே, கண்ணு ஆபரேஷன் பண்ணுனவன் வெயில்ல வெறுங்கண்ணோட வாரியே. கண்ணாடி எங்க?"

மதியம் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காய் மிதந்தது. நான் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். அம்மா வைப்பது போலவே இருக்கிறது என்றேன். "அம்மா பூண்டு இவ்வளவு போட மாட்டா," என்றாள். பழைய கதைகள் வந்தன. தசராவுக்குச் சப்பரம் பார்க்கப் போய் நான் தொலைந்தது, ராட்டினத்தில் அத்தான் மயங்கி விழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கேட்டேன். "நாளைக்குப் படத்துக்கு வர்றியேக்கா. இதுக்கு முந்தி பார்த்திருக்கியா?"

"பார்க்காம என்ன? வந்த மூணாம் நாளே பார்த்தாச்சு. அத்தான், நான், அப்பா மூணு பேரும் போனோம்."

"அப்பாவா?"

"என் பக்கத்துச் சீட்டு."

அப்பா அந்தப் படத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். அப்போது ஒரு கார்டு போட்டிருந்தார். 'படம் பார்த்தேன். வசனம் நன்று. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். அந்த மூன்று வரிக்கு அடியில் ஒரு பெரிய கோபமோ வெட்கமோ இருக்கிறது என்று நம்பினேன். அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பேசவில்லை. பேசாததையே நான் என் வெற்றியாக வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை நான் எழுதியது ஒரே ஓர் ஆள் பார்ப்பதற்காகத்தான்.

"அந்தக் காட்சி வந்தப்ப?" என்றேன்.

"நான் படத்தைப் பார்க்கல. அப்பா மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். கண்ணு கலங்கிட்டு. வேட்டி நுனியால தொடைச்சுக்கிட்டாக. வெளிய வந்து குடையை விரிச்சுக்கிட்டே அத்தான்கிட்ட சொல்லுதாக, 'இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா மாப்ள? அந்தப் பிள்ளை என்ன பாடு பட்டிருக்கும்'னு."



"நடிப்பாக்கா?"

"நடிப்பெல்லாம் இல்ல. நெசமாவே பாவப்பட்டாக. வீட்டுக்கு வந்தும் ரெண்டு மட்டம் சொன்னாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "கடிகாரம் அவரோடது. துண்டு அவரோடது. பேச்சு ஒவ்வொண்ணும் அவரோடது. தன்னைத் தனக்கே அடையாளம் தெரியலையே, என்ன மனுஷன்!"

அக்கா தட்டில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவுகளை மட்டும் ஏன் சொல்லுத?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"அடுப்பு எரிஞ்ச மறு திங்கக்கிழமையே போஸ்ட்மேன் சொல்லிட்டாரு லிங்கம். 'உங்க லெட்டர் அன்னைக்கே வந்துட்டுதேம்மா, தம்பி கையிலல்லா குடுத்தேன்'னு." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "படத்துல தம்பி அடுப்புக்குள்ள கையை விடுதான். தியேட்டரே கை தட்டுது. முன் சீட்டுல எங்க தெருக்காரி ஒருத்தி. திரும்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உன் தம்பி எழுதுன படமாம்லா, குடுத்து வச்சவ நீ'ங்கா."

"அக்கா…"

"மோர் ஊத்தட்டா?"

மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். விநியோகஸ்தர் அந்தக் கட்டத்தைக் கேட்கவில்லை. முதல் பிரதியிலேயே அது இருந்தது. நான் எழுதிய முதல் காட்சியே அதுதான்.


17 செப்டம்பர், சனி

பேசியாயிற்று. இன்று எழுத முடியவில்லை.


18 செப்டம்பர், ஞாயிறு

நேற்று மாலை ஐந்து மணிக்குப் படம். நூறு பேருக்கு மேல் இருக்கும். பாதி மாணவர்கள், பாதி வழுக்கைத் தலைகள். அக்கா முன்வரிசையில் ஓர நாற்காலி. நான் அவளிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி.

திரையில் தேவசகாயம் அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. குருநாதனின் தலை ஒரு கண்ணாடியில் அரை விநாடி தெரியும், எடிட்டிங்கில் தவறிப்போனது. அதை எதிர்பார்த்திருந்து பார்த்தேன். வெயிலில் நின்று டீ குடித்த காலம் எல்லாம் திரும்பி வந்தது. எவ்வளவு நல்ல படம் எடுத்திருக்கிறோம்! இப்போது பார்த்தாலும் ஒரு ஷாட் அதிகம் இல்லை. வெந்நீர் அடுப்புக் காட்சி வந்தது. தம்பி கையை விட்டான். மாணவர்கள் கை தட்டினார்கள். அக்கா பக்கம் நான் திரும்பவில்லை.

மேடையில் தயாரித்த உரையைப் பத்து நிமிடம் படித்தேன். பல்புப் பலகை, சுழல் நாற்காலி, கண் மட்டத்தில் கேமரா. சிரித்தார்கள், ரசித்தார்கள். பிறகு கேள்வி நேரம். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அந்த லெட்டரை எரிக்கச் சொல்ற சீன் எப்படி சார் தோணுச்சு? அவ்வளவு கொடூரத்தை ஒருத்தர் கற்பனை பண்ண முடியுமா?"

பதில் வாயில் தயாராக இருந்தது. முப்பத்தாறு வருஷம் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப் போன ஒரே சொல். அது வரவில்லை.

"கற்பனை இல்லம்மா," என்றேன். "அது எங்க வீடு. அந்தத் தகப்பன் எங்க அப்பா."

ஜெசிந்தா மைக்கை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"இந்தப் படத்துல ஒரு காட்சி குறையுது. லெட்டர் அப்பா பைக்கு எப்படி வந்துச்சுன்னு நாங்க காட்டல. யாரும் கேட்கவும் இல்ல. இயக்குநர்கிட்டக்கூட நான் சொல்லல. வில்லனைப் பத்தி இவ்வளவு பேசினேன், வெளிச்சம், சத்தம், கேமரா எல்லாம். ஒண்ணை விட்டுட்டேன். அந்த மாதிரி ஆளு எதையும் தனியாச் செய்யறதில்ல. அவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க ஒரு கை வேணும். போஸ்ட்மேன் அந்த லெட்டரைப் பதிமூணு வயசுத் தம்பிகிட்ட கொடுத்தார். லெட்டர் வந்தா தன்கிட்ட மட்டும்தான் கொடுக்கணும்னு அக்கா தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தா. தம்பி அப்பாகிட்ட கொடுத்தான். அவன் அடுப்புக்குள்ள கையை விடல. அந்த இடத்தை நான் எனக்காக எழுதிக்கிட்டேன்."

இதற்குக் கை தட்டுவதா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தட்டவில்லை. நல்லது.

வீட்டில் அக்கா இட்லி வைத்தாள். "மாத்திரை போட்டியா?" என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்று காலை காப்பியோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவியபடியே சொன்னாள்.

"சபையில சொல்லிட்ட. எங்கிட்ட இன்னும் சொல்லலையே."

டம்ளரைக் கீழே வைத்தேன். வசனம் எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு வாக்கியத்துக்கு இப்படித் திணறியது இல்லை.

"அக்கா, அப்பா வந்து தபால் ஏதும் வந்துச்சாடான்னு கேட்டாங்க. சும்மா, எப்பவும் கேட்கிற மாதிரிதான் கேட்டாங்க. இல்லன்னு சொல்லியிருக்கலாம். அடிச்சிருக்க மாட்டாங்க. பையைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். நல்ல பிள்ளைன்னு என் தலையைத் தடவினாங்க. அது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா. உன்கிட்ட மன்னிப்புக் கேட்காம இவ்வளவு வருஷம் ஓட்டிட்டேன். மன்னிச்சிரு."

துருவுவது நின்றது. தெருவில் கோலமாவு விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேயும்வரை அக்கா காத்திருந்தாள் போலிருந்தது.

மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"பிரிச்சுப் பார்த்தியா அதை?"

"எதை?"

"லெட்டரை. அப்பா பிரிச்ச உறையோடதான் நீட்டுனாக. நான் உள்ள இருந்ததைப் பார்க்கவே இல்ல. பத்த வைக்கும்போது ஒரு ஓரம் சுருண்டு, என் பேரு டைப் அடிச்சது மட்டும் தெரிஞ்சுது. என்ன எழுதியிருந்துதுன்னு எனக்குத் தெரியாது லிங்கம்."

எனக்குத் தெரியும். கடிதம் கைக்கு வந்த அன்றே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பசை சரியாக ஒட்டாத உறையைப் பிரித்து, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லாக அர்த்தம் பார்த்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு சாயங்காலம் அக்காவிடம் தமிழில் சொல்லி அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா முதலில் வந்திருந்தார்.

"படிச்சேன்க்கா. மனப்பாடமாவே படிச்சேன்."

"சொல்லு."

சொன்னேன். "செல்வி சண்முகவடிவு அவர்களுக்கு. தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்."

"மகிழ்ச்சியுடன்னு போட்டிருந்துதா?"

"போட்டிருந்துச்சு. ப்ளெஷர்னு. அதுக்கு நான் அகராதி பார்த்தேன்."

"மேல சொல்லு."

"ஜூலை பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு விடுதியில் வந்து சேர வேண்டும். கொண்டு வர வேண்டியவை. கரை இல்லாத வெள்ளைப் புடவை நாலு. படுக்கை விரிப்பு ரெண்டு. குடை ஒண்ணு. பூட்டு உள்ள தகரப் பெட்டி. வினாடி முள் உள்ள கைக்கடிகாரம்."

"வினாடி முள் எதுக்கு?"

"நாடி பார்க்கக்கா."

"ஆமா," என்றாள் அக்கா. "நாடி பார்க்கணும்லா."

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாதி துருவிய தேங்காய் மடியில் இருந்தது. எழுபத்திரண்டு வயது முகம். அதில் நான் அறியாத ஒருத்தி எதையோ அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு மட்டம் சொல்லு," என்றாள். "மெதுவாச் சொல்லு."

செல்வி சண்முகவடிவு அவர்களுக்கு என்று மறுபடியும் தொடங்கினேன்.